இடது காலில் மாவுக்கட்டு

“எந்தப் படியில விழுந்தீங்க மாப்பிள்ளை?”

“மூணாவது... இல்லக்கா, நாலாவது படி. ஆபீஸ்ல.”

சோபாவில் சாய்ந்திருந்தவரின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே கனத்த மாவுக்கட்டு. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“பத்து நாள் எங்க வீட்ல வந்து தங்கறேன்னு சொன்னீங்க. உங்க சகலை புதுசா வயலின் கத்துக்கிட்டு, தினமும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்னு துடிச்சுக்கிட்டு இருக்கார். கிளம்பற அன்னைக்குப் பார்த்தா கால் உடையணும்?”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கா? கொடுத்து வைக்கல.” முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“கட்டு போட்டப்ப கால் எப்படி இருந்துச்சு?”

“ஜில்லுன்னு இருந்துச்சு. ஈர மாவாச்சே!”

“அப்படி வாங்க வழிக்கு! யார்கிட்ட கதை விடறீங்க? இருபது வருஷமா கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கறவ நான். ஹைட்ரேட்னா என்ன?”

“தண்ணி கலந்தது...”

“கலந்தா அது சேறு! ஹைட்ரேட்னா, படிகத்துக்குள்ளயே தண்ணிக்கு இடம் போட்டுக் குடிவெச்சிருக்கிற பொருள். ஜிப்சம் அப்படித்தான். அதைச் சூடுபண்ணி முக்கால்வாசித் தண்ணியை விரட்டினா இந்த மாவு. திரும்பத் தண்ணி காட்டினா, போனதை உள்ள இழுத்துக்கிட்டுக் கல்லாயிடும். அப்படி இறுகறப்ப சூடு கிளம்பும். உங்க கால் கதகதன்னு ஆயிருக்கணும். எங்கேருந்து வந்துச்சு ஜில்லு?”

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

“மன்னிச்சிருங்கக்கா. ஆபீஸ் நண்பருக்கு நேத்து கட்டுப் பிரிச்சாங்க. அறுத்தெடுத்த ரெண்டு பாதியையும் கேட்டு வாங்கி, மேல பேண்டேஜ் சுத்திக்கிட்டேன்.”

“போச்சு!” அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்படிக் கக்கினா அந்த வயலின்கிட்டேருந்து நான் எப்படிங்க தப்பிக்கிறது? அவகிட்ட டியூஷன் படிச்சவ சொல்றேன், இந்தக் கேள்வியைக் கேக்காம விடமாட்டா. அரை மணியில எங்க அக்கா நிஜமாவே வந்து நிப்பா, எழுந்து ஒழுங்கா உட்காருங்க, இன்னொரு தடவை ஒத்திகை பார்ப்போம்!” என்றாள் அவருடைய மனைவி.