மஞ்சள் படிக்கட்டு

மாநகராட்சி கமிஷனர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலரைக்குத் தெருவில் ஒரு பூனை மட்டும் இருந்தது.

அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

நகரமைப்பு அலுவலர் பந்தல் காலில் சாய்ந்து நின்று தன் தெருவைப் பார்த்தாள். அவள் வரைந்த தெரு. ஒன்றையொன்று பார்க்கும் பெஞ்சுகள். தொட்டிகளில் மரக்கன்றுகள், அவை வளரும்வரை நிழலுக்குத் துணிப் பந்தல். கல் மேசையில் சதுரங்கக் கட்டம், காய்களோடு.

எல்லாம் தயார். ஆள்தான் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிகள் வராமல் தெருவை மூடிப் பார்க்க அனுமதி. இது மூன்றாவது. ஜனங்கள் இறங்கி நடந்தால் தெரு இப்படியே இருக்கும். இல்லையென்றால் நாளை காலையில் கார்கள் நிரந்தரமாகத் திரும்பி வரும். பெஞ்சுகள் கிடங்குக்குப் போகும்.

அவளுடைய அலுவலக மேசையில் இருந்த அட்டை மாதிரியில் இதே தெரு நிரம்பி வழிந்தது. நக அளவு மனிதர்களை அவளே இடுக்கியால் எடுத்து நிறுத்தியிருந்தாள். நாயோடு ஒருவர். பிள்ளையைத் தோளில் தூக்கிய ஒருத்தி.

“பசை போட்டு ஒட்டினா யார் வேணாலும் தெருவுல நிப்பாங்க” என்றார் கமிஷனர், போன வாரம்.

இரண்டு பக்கமும் நான்கு மாடி அடுக்கு வீடுகள். மூடிய ஜன்னல்கள். ஏசி பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டிலிருந்தும் டிவியின் ஒரே கைதட்டல் வந்தது. ஏதோ பந்தயம்.

மதியம் அண்ணன் வந்திருந்தான். பின்தெருவில் இருக்கும் துணை மின் நிலையத்தில் அவனுக்கு ஞாயிறு ஷிப்ட். சாப்பாட்டு டப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்து, பூனைக்கும் ஒரு வாய் வைத்தான்.

“பெஞ்சு நல்லாத்தான் இருக்கு குட்டி. ஆனா ஏசியை விட்டுட்டு எவன் கீழ வருவான்?”

“நீ வந்தியே.”

“நான் தங்கச்சி முகத்துக்காக வந்தேன்.”

அந்த முகத்தை அவள் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஐந்துக்குச் சற்று முன்னால், ஒரு வீட்டின் வெளிப்புறத்து மஞ்சள் படிக்கட்டில் காலடி கேட்டது.

முதலில் ஒருவர் இறங்கி வந்தார். முகத்தில் பாதித் தாடி. மறுபாதி இயந்திரத்தால் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. பிறகு ஒரு பெண், ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு. பிறகு பிள்ளைகள், பந்தோடு. பத்திரிகையால் விசிறிக்கொண்டே ஒரு கணவனும் மனைவியும்.

டிவி கைதட்டல் நின்றிருந்தது. பந்தயம் முடிந்துவிட்டது போல.

எதிர்ப்பக்க வீடுகளிலிருந்தும் இறங்கினார்கள். பெஞ்சுகள் நிறைந்தன. பூனை எழுந்து, இடம் சரிப்படாது என்று கிளம்பியது.

கமிஷனர் தெருமுனையில் காரை விட்டு இறங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

“இந்த வீடுகள்ல லிஃப்ட் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்புறம் ஏன் எல்லாரும் படியில இறங்குறாங்க?”

“மஞ்சள் சார்” என்றாள். அந்தச் சாயத்துக்காக ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்தோடும் சண்டை போட்டவள் அவள். “படி வெளிச்சமா இருந்தா லிஃப்டு ஞாபகமே வராது.”

கமிஷனர் பாதித் தாடிக்காரரிடம் போனார். “ஷேவிங்கைப் பாதியில விட்டுட்டா ஓடி வந்தீங்க?”

“என்ன சார் பண்றது, உள்ள இருக்கவே முடியல.”

கமிஷனர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடமிருந்து அவள் எதிர்பார்க்கவில்லை.

“இருக்கட்டும் இந்தத் தெரு” என்றார். “நாளைக்கே உத்தரவு போட்டுடறேன். அடுத்தது எங்க தெருவைக் கொஞ்சம் பாருங்க.”

கார் போனதும் போன் அடித்தது. அண்ணன்.

“கிளம்பிட்டாரா?”

“இப்பதான். அண்ணா, நீ பாத்திருக்கணும். நிக்க இடம் இல்ல. எல்லாரும் படியில இறங்கி…”

“சரி சரி. அப்ப போட்டுடவா?”

“எதை?”

“கரண்டை.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏசி பெட்டிகள் சொட்டுவதை நிறுத்தியிருந்தன.

“லிஃப்டுல யாரும் இல்லன்னு வாட்ச்மேன்கள்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆஃப் பண்ணேன்” என்றான் அண்ணன். “எப்படியும் கம்பியில உரசுற கிளையை வெட்ட ஒரு நாள் நிறுத்தியாகணும். அதை இன்னிக்கே வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்.”

மஞ்சள் படிக்கட்டு வெயிலில் பளபளத்தது. அதை நேராகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கல் மேசையில் பாதித் தாடிக்காரரும் இஸ்திரிச் சட்டைக்காரியும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள். இன்றுதான் முதல்முறையாகப் பேசுகிறார்களாம். அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

இஸ்திரிச் சட்டைக்காரி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “கரண்ட் வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

“அப்ப இன்னொரு ஆட்டம்” என்றார் அவர், காய்களை அடுக்கிக்கொண்டே.

“என்னம்மா, லைன்ல இருக்கியா?” என்றான் அண்ணன். “போடவா, வேண்டாமா?”

“கிளையை நிதானமா வெட்டுண்ணா” என்றாள். “அவசரமே இல்ல.”