பேட்டரி பூத்த ரெக்கார்டர்

மெக்கானிக் அந்தக் கையடக்க டேப் ரெக்கார்டரின் பின்மூடியை நெம்புகிறார். கசிந்த பேட்டரியின் பச்சைப் பொருக்கு வெயிலில் பாசிபோல் மினுங்குகிறது. உள்ளே, வேறு எந்த மெஷினிலும் நுழையாத பொடிக் கேசட். அதன்மேல் போன வருஷம் செத்துப்போன அக்காவின் கையெழுத்து: ‘பாப்பாவுக்கு மட்டும்.’ அக்காவின் தலையணை உறைக்குள்ளிருந்து ரெக்கார்டரைக் கண்டெடுத்த தங்கை கண்கொட்டாமல் பார்க்கிறாள்.

“பேட்டரியக் கழட்டாம வச்சிட்டீங்களேம்மா.”

“கழட்டவேண்டியவ செத்துட்டா.”

வினிகர் நனைத்த பஞ்சு பட்டதும் பொருக்கு நுரைத்து முணுமுணுக்கிறது. கூப்பிடாமலே கூட வந்த அக்கா புருஷன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறான். “ஆளே போய்ச் சேந்தாச்சு, டப்பாவுக்கு வைத்தியமா? விடு பாப்பா.”

மெக்கானிக் கம்பிச்சுருளைச் சுரண்டிப் பளபளப்பாக்கிப் புது பேட்டரி போடுகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. “டேப்புக்கு ஒண்ணும் ஆகல. ஓட்டவா?”

சிரிப்பு நிற்கிறது. “இருங்கண்ணே, தெருச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது” என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே அவன் கடையின் ஷட்டரை இழுக்கிறான். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கிறீச்சிட்டு இறங்கும் ஷட்டரின் நிழல் வினிகர் பாட்டிலை, பஞ்சை, மெக்கானிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வருகிறது. தங்கை ரெக்கார்டரைப் பிடுங்குகிறாள். ஒலியை முழுக்கத் திருகி, ஷட்டர் தரையைத் தொடுமுன் தானே பட்டனை அழுத்துகிறாள்.