பதிவான நடை

கோயம்புத்தூரில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்த நறுமுகை, இறுதித் தேர்வுக்கு ஒரு பாத்திரத்தை வரைந்து நடக்கவைக்க வேண்டியிருந்தது. அவள் தன் அம்மா பாக்கியத்தை வரைந்தாள். துணிக்கடையில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்ததில் அம்மாவுக்கு இடது குதிகால் தரையில் முழுதாய்ப் பதியாது. நாலடிக்கு ஒருமுறை இடுப்பில் கைவைத்து நின்று, பிறகுதான் நடப்பாள். அந்த நடை திரையில் வந்து அமைய மூன்று மாதம் பிடித்தது.

கொடுத்த அன்றே கல்லூரிக் கணினி அதைத் திருப்பி அனுப்பியது. அந்த முகமும் நடையும் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தன.

"இது எங்கம்மாங்க சார், துணிக்கடையில வேலை பாக்கறவங்க," என்றாள் ஆசிரியரிடம்.

"கடைக் கேமராவுல எடுத்து அந்தக் கம்பெனிக்கு வித்திருப்பாங்கம்மா. மாத்திக் குடுத்துரு. இல்லைன்னா பாஸ் போட முடியாது."

வீட்டில் கேட்டதற்கு அம்மா சங்கடமாய்ச் சிரித்தாள். "வேலைக்குச் சேர்றப்ப என்னென்னமோ காயிதம் நீட்டுனாங்க கண்ணு. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன்."

நறுமுகை படத்திலிருந்த அம்மாவின் குதிகாலைத் தரையில் பதியவைத்தாள். கணினி ஏற்கவில்லை. இடுப்பிலிருந்து கையை எடுத்தாள், அப்போதும் ஏற்கவில்லை. முதுகை நிமிர்த்தி, மூக்கையும் கண்களையும் மாற்றி வரைந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

தேர்வில் தேறிய படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாய்ப் பார்த்தாள்.

"வலியே இல்லாம என்ன ஜோரா நடக்கறா! யாரு கண்ணு இது?"

"யாருமில்லம்மா," என்றாள் நறுமுகை.