அக்காவின் தீ

இப்போதெல்லாம் வெறுமனே பார்த்துவிட்டுப் போக யாரும் கண்காட்சிக்கு வருவதில்லை. ஒரு படைப்பின் மேல் கை வைத்தால் போதும், கலைஞனின் எந்த நினைவிலிருந்து அது பிறந்ததோ அந்த நினைவு தொட்டவருக்குள் ஓடும். அமலதாசின் கண்காட்சியில் தொட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுது முடித்து, சமோசா தின்றுவிட்டு, மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள்.

தாயில்லாத அவனை வளர்த்த அக்கா ரெஜினா அன்றுதான் சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். சிறு வயதில் அடுப்புத் தீயில் வெந்த கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தீப்பிடித்தபோது தான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததாகத்தான் தம்பி அவளிடம் சொல்லியிருந்தான்.

முதலில் ஓவியத்தைத் தொட்டாள். வாசற்படியில் நின்ற பத்து வயதுப் பையனாக அவள் மாறினாள். எதிரே அவளுடைய தாவணி எரிந்தது. என்ன அழகான நிறம் என்று அந்தப் பையன் நினைத்தான். அடுத்து, அவனுடைய பாட்டு ஒலித்த பெட்டியைத் தொட்டாள். அவளுடைய அலறலுக்கு அவன் விரல்கள் தாளம் போட்டன.

"பாத்துக்கிட்டாடா நின்ன?"

"நான் எதையும் மறைக்கலக்கா. அதான் ஜனங்களுக்குப் பிடிக்குது."

"பக்கத்துலயே தண்ணிக் குடம் இருந்துச்சேடா!"

அருகில் நின்ற பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே குறுக்கிட்டாள். "ஆமாங்க, அந்தக் குடத்தை வெண்கலத்துல செஞ்சு உள்ள வச்சிருக்கார். கட்டாயம் தொட்டுப் பாருங்க. நான் ரெண்டு தடவ தொட்டேன்."

ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவனாவது அப்ப சின்னப் பையன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.