நாற்பத்தோராவது கதவு

"சந்துக்காரங்க கட்டுற வரி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு வாங்கக்கூடக் காணாது மேடம். அவங்களுக்கு முதல்ல சாக்கடையாம்! நல்லா இருக்கே நியாயம்!"

ரங்கசாமி சொல்லி முடித்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் தோப்புத் தெருக்காரர்கள். சிரிக்காதவர்கள், அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும் தோப்புச் சந்துக்காரர்கள்.

சந்தில் இஸ்திரி போட்டுப் பிழைக்கும் விஜயராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரங்கசாமி போட்டிருந்த வெள்ளைச் சட்டை, அன்று காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. காலர் விறைப்பாக இல்லை என்று இரண்டாம் தடவை போடச் சொல்லி வாங்கிப் போன மனுஷன்!

திருவானைக்காவல் சமுதாயக்கூடத்தில் வார்டுக் கூட்டம். வந்திருக்கும் பணம் ஒரே ஒரு இடத்தில் பாதாளச் சாக்கடை போடத்தான் போதும். தெருவுக்கா, சந்துக்கா என்று இன்றைக்கே முடிவாக வேண்டும். விட்டால் அடுத்த பணம் எந்த வருஷமோ என்று மாநகராட்சிப் பொறியாளர் பேட்ரிசியா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"மேடம், எங்க சந்துல வந்து ஒரு நிமிஷம் நின்னு பாருங்க" என்று விஜயராணி எழுந்தாள். "கழிவுத் தண்ணி வீட்டுக்குள்ளயே வருது. என் பொண்ணு கனிஷ்கா பத்து நாள் டைபாய்டுல ஆஸ்பத்திரியில கெடந்தா. அந்தத் தண்ணியில பாதி இவங்க வீட்டுப் பின்பக்கக் குழாயில இருந்துதான் வருது!"

"எவன் வீட்டுக் குழாய்? ஆதாரம் இல்லாம வாய்க்கு வந்தபடி பேசாதம்மா" என்று பாய்ந்தார் ரங்கசாமி. தோப்புத் தெரு நலச்சங்கத் தலைவர் அவர். தெருவிலேயே பெரிய வீடு அவருடையது, மூன்று அடுக்கு. "மேடம், எங்க தெருவுக்குச் சதுர அடிக்கு வரி ரேட்டே தனி. சந்து ரேட்டு அதுல பாதிகூடக் கிடையாது. நாங்க கொட்டிக் கொடுக்கிறோம், இவங்க ஓசியில அனுபவிக்கணுமா?"

ஓசி என்ற சொல் விஜயராணிக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடத் தோட்டை அடகு வைத்து வரி கட்டியவள் அவள்.

"அப்ப ஒண்ணு செய்யலாமா சார்? எந்தப் பக்கம் வரி அதிகமா வருதோ, அந்தப் பக்கம் முதல்ல. சம்மதமா?"

ரங்கசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நூறு தடவை சம்மதம்! மாநகராட்சி ரெக்கார்டு என்ன சொல்லுதோ அதான் கணக்கு. மேடம், எழுதிக்கோங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

போட்டும் கொடுத்தார்.

விஜயராணி இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வீட்டு வரி விவரம் மாநகராட்சி இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படிதான் கிடக்கிறது. மூன்று வாரமாக இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்திலெல்லாம், செல்போனில் ஒவ்வொரு கதவு எண்ணாகப் பார்த்து எழுதியிருந்தாள். கடைசியில் ஓரிடத்தில் கணக்கு இடித்தது. நேற்று மத்தியானம் வெயிலில் நடந்து, கதவு கதவாக எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"தோப்புத் தெரு, பதினெட்டுக் கதவு. அரையாண்டு வரி நாப்பத்தோராயிரத்து முன்னூத்தி அம்பது. தோப்புச் சந்து, நாப்பத்தோரு கதவு. நாப்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

பேட்ரிசியா தன் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு பட்டியலையும் கூட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. சந்துதான் அதிகம்."

"பித்தலாட்டம்!" ரங்கசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "சந்துல மொத்தமே நாப்பது வீடு! முப்பது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? இல்லாத வீட்டைச் சேர்த்து எண்ணியிருக்கா. அந்த நாப்பத்தோராவது வீட்டைக் காட்டச் சொல்லுங்க மேடம், பார்ப்போம்!"

"படிக்கிறேன் சார்" என்றாள் விஜயராணி. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "கதவு எண் பன்னெண்டு பை ஒண்ணு, தோப்புச் சந்து. தரைத்தளமும் மேல ரெண்டு மாடியும். அரையாண்டு வரி பதினோராயிரத்து இருநூத்தி நாப்பது."

"சந்துல ஏதும்மா மாடி வீடு?" என்றார் ஒருவர்.

"பின்பக்கம் ஒரு துருப்பிடிச்ச இரும்பு கேட்டு இருக்குங்க. குப்பை கொட்ட மட்டும்தான் தொறப்பாங்க. அந்தக் கழிவுக் குழாயும் அதுக்குக் கீழதான் வருது. கேட்டுல தகரத்துல நம்பர் அடிச்சிருக்கு, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

செல்போன் பொறியாளர் கைக்குப் போனது. பேட்ரிசியா படத்தைப் பார்த்தார். பிறகு கணினியில் அதே கதவு எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயரைப் பார்த்தார். அப்புறம் தலை நிமிர்ந்து ரங்கசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கசாமி மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரு ரேட்டுக்குப் பயந்து, கொல்லைப்பக்கக் கேட்டையே வாசல்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே சார்" என்றாள் விஜயராணி. "உங்க ஒரு வீட்டு வரியாலதான் எங்களுக்குச் சாக்கடை வருது. இந்தச் சந்துக்காரங்கள்லயே அதிகமா வரி கட்டுறவரு நீங்கதான்!"