கரிக்கோட்டு ராஜா

மச்சினனின் பெட்டியைத் திறந்ததும் உள்ளே ராஜா அழுதுகொண்டிருந்தார்.

அரண்மனை ஓவியர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரமாக அடுத்த தாளைப் புரட்டினார். அதில் கிரீடமில்லாத வழுக்கைத் தலையோடு ராஜா கொட்டாவி விட்டார். அதற்கடுத்ததில் கண்ணுக்குக் கீழே பை தொங்க, தூக்கம் கெட்ட கிழவராக உட்கார்ந்திருந்தார். எல்லாம் பெரிய படம் தீட்டுவதற்கு முன்னால் தாளில் போட்டுப் பார்க்கிற கரிக்கோட்டுப் படங்கள்.

கோடுகள் கோணல்மாணல்தான். ஆனால் முகத்தில் உயிர் இருந்தது. ஓவியருக்கு வயிறு பற்றி எரிந்தது.

இத்தனை வருஷமாக அவர் முன்னால் ராஜா மரக்கட்டை மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் சாயம் அரைக்கக் கூட்டிவந்த பயலிடம் மட்டும் அழுது காட்டுவாரா?

"என் தம்பிய ராஜா தெனமும் தனியா கூப்பிட்டு வச்சுப் பேசறாராம். உங்கள அப்படிக் கூப்பிட்டிருக்காரா?" என்று அவள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டது வேறு தொண்டையிலேயே நின்றது. சபை மண்டபத்துக்கான புதுப் படம்கூட மச்சினனுக்குத்தான் போகும் என்று அரண்மனையில் பேச்சு. அது போனால் தலைமை ஓவியர் என்ற பேரும் கூடவே போய்விடும்.

ராஜாவைக் கேலி செய்தான் என்று ஒரு வார்த்தை போதும், பயலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜாவின் அறைக்கு நடந்தார்.

ராஜா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதெல்லாம் எங்க கெடச்சுது?"

"என் மச்சினன் பெட்டியிலங்க, மகாராஜா. சொந்தக்காரனாச்சேன்னு பார்த்தா உங்களுக்குத் துரோகம் பண்ணதா ஆயிடும். அதான் மனசக் கல்லாக்கிக்கிட்டுக் கொண்டுவந்தேன்."

"தொழில் தெரிஞ்சவன் நீ. வரைஞ்சது எப்படி இருக்கு?"

ஓவியருக்கு அல்வா சாப்பிடுவது போல இருந்தது. "கைவராத வேலைங்க. மூக்கு ஒரு பக்கம் போகுது, வாய் ஒரு பக்கம் போகுது. உங்க எடது புருவத்துத் தழும்பு ஊருக்கே தெரியும். எல்லாப் படத்திலயும் அத வலது புருவத்துல போட்டு வச்சிருக்கான். எடது வலது தெரியாத மண்டு."

"இந்த அழற படம்?"

ஓவியர் அதைக் கையில் வாங்கினார். திட்டத்தான் வாயெடுத்தார், வரவில்லை.

"இதுல மட்டும் ஏதோ இருக்குங்க." குரல் தானாகத் தழைந்தது. "நானும் எத்தனையோ தடவை உங்கள எதிர்ல உக்கார வச்சு வரைஞ்சிருக்கேன். எனக்கு ஒரு நாளாவது இந்த மொகத்தக் காட்டினீங்களா, மகாராஜா?"

ராஜா தாளைத் திரும்ப வாங்கி மற்றவற்றோடு அடுக்கினார்.

"யாருக்குமே காட்டலப்பா. கண்ணாடியப் பாத்து நானே வரைஞ்சு, திருத்தறதுக்கு அவன்கிட்ட குடுத்தேன்."