பானையும் மூடியும் காய்ந்த கதை

அந்தப் பானையும் மூடியும் ஒரே மண் உருண்டையில் பிறந்தவை. சக்கரத்தை விட்டு முதலில் இறங்கியதால் பானை அக்கா. பானையின் வாயை ஈர்க்குச்சியால் அளந்துதான் குயவர் மூடியை வனைந்தார். இம்மி பிசகவில்லை. மூடிக்குத் தலைகால் புரியாத பெருமை.

மறுநாள் வெயிலில் அந்தப் பெருமை போய்விட்டது. மூடி மெல்லிசு, ஒரே பகலில் காய்ந்து சுருங்கிவிட்டது. பானைக்குத் தடித்த உடம்பு. ஈரம் அப்படியே இருந்தது. குயவர் மூடியைப் பானைமேல் பிடித்துப் பார்த்து "ம்" என்றார். பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

"போச்சுக்கா! உன் வாய்க்குள்ளயே விழுந்துடுவேன். திரும்ப மண்ணு குழைக்கிற குழியில போட்டு மிதிக்கப் போறார்" என்று மூடி புலம்பியது.

"அடியே, நான் இன்னும் காயவே இல்ல. அதுக்குள்ள ஒப்பாரி வைக்காதே" என்றது பானை.

நாலு நாளில் பானையும் காய்ந்து சுருங்கியது. சூளையில் இரண்டும் சேர்ந்து வெந்து சிவந்தன. தட்டினால் 'டங்'கென்றன. குயவர் மூடியைப் போட்டுப் பார்த்தார். உட்கார்ந்தது, ஆனால் லேசாக ஆடியது.

அந்த ஆட்டம் மூடிக்குப் பெரிய குறை. ஒரு அம்மா இரண்டையும் வாங்கிப் போய் அடுப்படியில் வைத்த பிறகும் மூடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. முதல் உலை கொதித்தபோது, ஆவி அந்த இடுக்கு வழியாகப் புறப்பட்டு மூடியை 'டக டக'வென்று ஆட்டியது.

"அக்கா, ரொம்பச் சத்தம் போடறேனா?"

"போடுடி. அந்தா, உன் சத்தம் கேட்டுத்தான் அந்தம்மா அடுப்பைத் தணிக்க ஓடி வர்றாங்க."